அந்தச் சின்னப் பொட்டலம் எதற்கு என்று யார் சொன்னார்கள்?

காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தியை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். வேளாண் விரிவாக்கப் பணியில் இருக்கும் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: விதை வாங்கிய விவசாயிக்கு யாராவது முழு விவரம் சொன்னார்களா?

2002-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தபோதே ஒரு நிபந்தனையும் இருந்தது. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலத்தில் வரும். அதை வயல் ஓரத்தில் சுற்றிலும் விதைக்க வேண்டும். பி.டி. நஞ்சைத் தாங்கிப் பிழைத்த ஓரிரு புழுக்கள் அந்துப்பூச்சியாகித் தங்களுக்குள்ளேயே கூடினால், அடுத்த தலைமுறையும் நஞ்சைத் தாங்கும். சாதாரணச் செடியில் வளர்ந்த பூச்சிகளோடு கூடினால் அந்தத் திறன் வேகமாகப் பெருகாது.

நான் பார்த்த வயல்களில் அந்தப் பொட்டலம் பிரிக்கப்படாமலே வரப்பில் கிடக்கும். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம், புழு தின்னட்டும் என்று ஒரு பகுதியை விடச் சொல்கிறோம். அதற்கு ஈடும் கொடுக்கவில்லை, காரணத்தையும் உட்கார்ந்து விளக்கவில்லை.

2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி. ரகத்தை எதிர்த்து நிற்பதாக, அந்த ரகத்தை உருவாக்கிய மான்சாண்டோ நிறுவனமே அறிவித்தது. இரண்டு மரபணு கொண்ட அடுத்த ரகத்துக்கும் சில ஆண்டுகளில் அதே கதி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் அதே புழுதான். அங்கே சாதாரணப் பருத்தியை ஒழுங்காகப் பயிரிட்டார்கள், பின்னர் மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டார்கள். 2018-இல் அமெரிக்கப் பருத்தி வயல்களில் அந்தப் புழு ஒழிந்ததாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

மரபணு சிகிச்சைச் சோதனையில் ஒருவரைச் சேர்க்கும் முன் பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். வயலில் விதைப்பவருக்கு அந்த மரியாதை ஏன் இல்லை? ஒருவர் வயலில் தேறிய புழு அந்துப்பூச்சியாகிப் பக்கத்து வயலுக்கும் பறந்து போகும் என்பதால் இங்கே விளக்க வேண்டிய கடமை இன்னும் கூடுதல். இப்போது சாதாரண விதையைப் பைக்குள்ளேயே கலந்து விற்கிறார்கள். வேலை மிச்சம்தான்; ஆனால் விவசாயியைக் கேட்காமலே தீர்மானிக்கும் பழக்கம் மாறவில்லை.

பருத்தி போட்டிருப்பவர்கள் கவனிக்க: பூ விரியாமல் ரோஜா மொட்டுப் போலக் குவிந்திருந்தால் உள்ளே புழு இருக்கலாம், பறித்து அழித்துவிடுங்கள். கடைசிப் பறிப்புக்குப் பின் பயிரை நீட்டிக்காதீர்கள். மீந்த காய்களை ஆடு மாடு மேயட்டும். பருத்தி மாரை, அதாவது காய்ந்த செடிகளை, வயலோரம் குவித்து வைக்காதீர்கள். அதிலுள்ள காய்களில் புழு அடுத்த பருவம் வரை தங்கியிருக்கும்.