காதுகுத்து டிவிடி ஓடுகிறது, கடையில் வாங்கியது ஏன் ஓடவில்லை?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ரொம்பத் திணறியதால் அக்கா மகன் அதைத் தூக்கிவிட்டு உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். வி.எல்.சி. பிளேயரும் ஏற்றியாயிற்று. மகளின் காதுகுத்து டிவிடியைப் போட்டால் தாய்மாமன் சீர்த்தட்டு, வேட்டு, மொய் எழுதும் மேஜை, பந்தியில் கேமராவைப் பார்த்து முறைக்கும் பெரியப்பா என்று ஒன்று விடாமல் ஓடுகிறது. மதுரை டவுன் ஹால் ரோட்டில் விலை கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சினிமா டிவிடியைப் போட்டால் மட்டும் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக எதுவோ நெளிகிறது, இல்லையென்றால் பிழைச் செய்தி வருகிறது. "டிரைவ் போச்சா, தட்டு போச்சா?" என்கிறார்.

இரண்டும் போகவில்லை. அந்த ஒரிஜினல் தட்டுக்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள். காதுகுத்துத் தட்டுக்கு யாரும் போடவில்லை.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர், 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிப் போகும் தடத்தைப் படிக்கிறது. சிடியில் இந்த இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். நெருக்கி எழுதியதால்தான் டிவிடியின் ஒரு அடுக்கில் 4.7 ஜிபி கொள்கிறது. படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அதை விரிக்கும் மென்பொருளுக்கு ஒரு காலத்தில் காப்புரிமைக் கட்டணம் உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து டிவிடி ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம். வி.எல்.சி.யிடம் விரிக்கும் வேலைக்குச் சொந்தச் சரக்கு இருக்கிறது. அதனால் ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த தட்டு எந்தத் தகராறும் இல்லாமல் ஓடுகிறது.

இனி பூட்டுக்கு வருவோம். எனக்கு ருசியான இடம் இதுதான்.

டிவிடியில் தகவல் 2048 பைட் கொண்ட செக்டார்களாக இருக்கிறது. பூட்டிய செக்டாரிலும் முதல் 128 பைட் திறந்தே கிடக்கும். இது படமா ஒலியா, எந்த நொடியில் காட்ட வேண்டும் என்பதெல்லாம் பிளேயருக்குத் தெரிய வேண்டுமே. 129ஆவது பைட்டிலிருந்துதான் கலைத்திருப்பார்கள். கலைக்கும் முறைக்கு சி.எஸ்.எஸ். (கன்டென்ட் ஸ்கிராம்பிள் சிஸ்டம்) என்று பெயர். சாவியின் நீளம் 40 பிட், அதாவது வரிசையாக நாற்பது 0 அல்லது 1. இதைவிட நீளமான சாவி கொண்ட பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப அன்றைய அமெரிக்கச் சட்டம் லேசில் விடாது, அதனால் இந்தக் குட்டைச் சாவி.

40 பிட் என்றால் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி சாவிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதென்றால் 1999இன் வீட்டுக் கம்ப்யூட்டர் நாள்கணக்கில் உட்கார வேண்டும். ஆனால் அத்தனையும் பார்க்கத் தேவையே இல்லை.

கலைக்கும் எந்திரத்துக்குள் இரண்டு ஷிஃப்ட் ரிஜிஸ்டர்கள் இருக்கின்றன. பிட்டுகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு அடிக்கும் ஓரிடம் நகர்த்திக்கொண்டே போகும் அமைப்பு அது. ஒன்று 17 பிட், மற்றது 25 பிட். சாவியின் 16 பிட் முதலாவதற்குள் போகும், மீதி 24 பிட் இரண்டாவதற்குள் போகும். முழுக்கப் பூஜ்யமாகி ஓடாமல் நின்றுவிடக் கூடாது என்று இரண்டிலும் ஆளுக்கு ஒரு 1 செருகிவிடுவார்கள். ஓட ஓட இரண்டும் ஆளுக்கொரு பைட்டாகத் துப்பும். அந்த இரண்டு பைட்டையும் கூட்டி, ஒரு பைட்டில் அடங்கும் 255ஐத் தாண்டினால் மேல்மிச்சத்தை அடுத்த கூட்டலுக்குக் கொண்டுபோவார்கள். நாம் மூன்றாம் வகுப்பில் செய்த அதே வேலை. வரும் விடையை வைத்துப் படத்தின் பைட்டைக் கலைக்கிறார்கள்.

ஓட்டை அந்தக் கூட்டலில்தான் இருக்கிறது. கூட்டுத்தொகை எப்படியோ நமக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரிஜிஸ்டரின் 16 பிட்டை மட்டும் ஊகித்தால் போதும், அது என்ன துப்பும் என்று தெரிந்துவிடும். தொகையில் அதைக் கழித்தால் இரண்டாவது ரிஜிஸ்டர் துப்பியது தானாக வந்து விழும். அதிலிருந்து அதன் உள்நிலையைக் கட்டி, அடுத்தடுத்த பைட்டுகள் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் ஊகம் சரி, வராவிட்டால் அடுத்த ஊகம். மொத்தமே 65,536 ஊகம்தான். லட்சம் கோடிக் கணக்கு கண் சிமிட்டும் நேரத்துக்குள் அடங்கிவிட்டது. 1999இல் இதைப் பிரித்து மேய்ந்து காட்டியவர் ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்ற நிரலாளர்.

சரி, கூட்டுத்தொகை எப்படித் தெரியும்? கலைப்பதற்கு முன்பு அந்த இடத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தால் தெரியும். அது எப்படித் தெரியும்? இங்கேதான் அந்தத் திறந்த 128 பைட் கைகொடுக்கிறது. ஒரே நிறமாகக் கிடக்கும் காட்சிகளில் எம்பெக் தகவல் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு போகும். 128ஆவது பைட் வரை அப்படித் திரும்பத் திரும்ப வந்தால், பூட்டுக்குள்ளும் அதுவேதான் தொடரும் என்று தைரியமாக வைத்துக்கொள்ளலாம். சுங்குடிச் சேலையின் பார்டர் பாதி மடிப்புக்குள் இருந்தாலும் உள்ளே என்ன டிசைன் என்று விரித்துப் பார்க்க வேண்டியதில்லையே, அது போல. மூலமும் கலைத்ததும் இரண்டுமே கையில் இருந்தால் கூட்டுத்தொகை கிடைத்துவிடும். ரிஜிஸ்டர்களைப் பின்னோக்கி ஓட்டினால் செக்டாரின் தொடக்க நிலை வரும். ஒவ்வொரு செக்டாருக்கும் சாவியோடு கலக்கும் ஐந்து பைட் விதை ஒன்று உண்டு. அதையும் அந்தத் திறந்த பகுதிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! அதை நீக்கினால் படத்தின் சாவி கையில்.

வி.எல்.சி.க்குத் துணையாக இருக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற சின்ன மென்பொருள், டிரைவ் ஒத்துழைத்தால் முறைப்படி சாவியைப் பெறும். ஒத்துழைக்காவிட்டால் இந்த வித்தையைக் காட்டும். விண்டோஸுக்கான வி.எல்.சி.யில் அது கூடவே வந்துவிடும். உபுண்டுவில் சட்டச் சிக்கலுக்குப் பயந்து தனியாக விட்டிருக்கிறார்கள். வாசகரின் பிரச்சினை மொத்தமும் இவ்வளவுதான்.

இந்தப் பூட்டை முதலில் ஊரறிய உடைத்த நிரலை 1999இல் வெளியிட்டவர்களில் ஒருவர் நார்வேக்காரப் பையன் யோன் லெக் யோஹான்சன். வயது 15. வழக்கு போட்டார்கள். தான் வாங்கிய தட்டைத் தான் பார்ப்பது குற்றமாகாது என்று 2003இல் விடுதலையானார். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது.

என் ஆற்றாமை வேறு. திருட்டு டிவிடி போட்டவன் பூட்டை நீக்கிவிட்டுத்தான் தட்டு அடித்தான். அது எந்த டப்பாவிலும் ஓடியது. காசு கொடுத்து வாங்கிய மனுஷன்தான் பச்சைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முறையை ரகசியமாக வைத்தால் பூட்டு நிற்கும் என்று நம்பியதன் விளைவு இது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வி.எல்.சி. 1996இல் பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கியது. 2001இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நம் ஊரில் கடைசி வருஷப் புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, பைண்டிங் போட்டு, கையெழுத்து வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறோம். கேட்டால் நிதி இல்லை என்பார்கள். ஷிஃப்ட் ரிஜிஸ்டரைப் புரிந்துகொள்ளக் காகிதமும் பென்சிலும் போதும்.

வாசகருக்கு: அக்கா மகனிடம் உபுண்டுவின் களஞ்சியத்தில் லிப்டிவிடி-பிகேஜி என்ற தொகுப்பை நிறுவச் சொல்லுங்கள். நிறுவியதும் அதை ஒருமுறை ரீகன்ஃபிகர் செய்ய வேண்டும். பலர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். டிரைவ் மண்டல எண் (எந்தப் பகுதிக்கான தட்டை ஓட்டலாம் என்று சொல்லும் எண்) கேட்டால் இந்தியாவுக்கு 5. ஐந்து முறைக்கு மேல் மாற்ற விடாது, பார்த்துப் போடுங்கள். பிரிட்ஜில் வைத்து எடு, விபூதி தேய் என்று சொல்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். டூத்பேஸ்ட் மேல் கீறலை ஏதோ கொஞ்சம் மழுப்பும், சாவியைக் கொண்டுவராது.

காதுகுத்துத் தட்டுக்குத்தான் உண்மையில் அவசரம். கடைத் தட்டில் பள்ளங்களை அச்சில் அழுத்தியிருப்பார்கள். ஸ்டுடியோத் தட்டில் லேசர் ஒரு சாயப் பூச்சில் எழுதியிருக்கும், அது வெயிலிலும் வெக்கையிலும் மங்கும். உள்ளே வீடியோ_டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இந்த வாரமே போட்டு வையுங்கள். தட்டின் மேல் பாப்பா படம் போட்ட காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம், பாதி கிழிந்து நின்றால் சுழலும்போது தட்டு ஆடும்.