ஐ.எஸ்.எஸ்.என். நம்பர் இருக்கே சார்!

போன செவ்வாய்க்கிழமை பி.ஜி. செமினார் முடிந்து வரும்போது, என் அறை வாசலில் பயோகெமிஸ்ட்ரி அசிஸ்டன்ட் ப்ரொபசர் ஒருவர் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது: காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழில் பேப்பர் போட்டு ஏமாந்திருக்கிறார். இந்த வருடத்தில் இப்படி வந்து நின்றவர்களில் இவர் ஏழாவது ஆள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு வருடம் 210 கர்ப்பிணிகளின் ரத்த மாதிரியை எடுத்து, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் புரதம்) பார்த்து, ரத்தசோகை பற்றி ஒரு பேப்பர் எழுதியிருந்தார். நல்ல வேலை. மாதிரிகளை அவரே ஐஸ் பெட்டியில் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். ப்ரமோஷனுக்கு நாள் நெருங்கிய சமயத்தில் 'டியர் எமினென்ட் டாக்டர்' என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. அனுப்பிய மூன்றாம் நாளே பேப்பர் ஏற்கப்பட்டது. கட்டணம் 14,500 ரூபாய். அதை ஜி-பேயில், ஒரு தனிநபர் பெயருக்குக் கட்டியிருக்கிறார். அந்த இடத்திலாவது சந்தேகம் வந்திருக்கக் கூடாதா?

மதிப்பீட்டாளர் கருத்து என்று வந்ததையும் காட்டினார். மொத்தமே ஒரு வரிதான்: 'கட்டுரை நன்று, படங்களின் தரத்தை உயர்த்தவும்.' அந்தப் பேப்பரில் படமே கிடையாது, மூன்று டேபிள்தான். இதழின் ஆசிரியர் குழுவைத் திறந்து பார்த்தேன். ஐந்தாவது பெயர் என்னுடைய பழைய துறைத் தலைவர். அவருக்கு மாலை போட்டு, சுடுகாடு வரை கூடவே போய்விட்டு வந்து நாலு வருடமாகிறது.

"ஐ.எஸ்.எஸ்.என். நம்பர் இருக்கே சார்" என்றார்.

எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். ஏழு பேரும் இதையே சொன்னார்கள். சரி, கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன். ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர்ந்து வெளிவரும் எந்த வெளியீட்டுக்கும் கொடுக்கப்படும் எட்டு இலக்க அடையாள எண். நம் நாட்டில் அதை வழங்குவது டெல்லியில் இருக்கும் தேசிய மையம். ராசிபலன் இதழுக்கும் கிடைக்கும், சங்கத்து மலருக்கும் கிடைக்கும். நூலகத்தில் ஒரே பெயரில் இரண்டு இதழ் இருந்தால் குழப்பம் வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அந்த எண்ணைக் கொடுப்பவர் படித்துப் பார்ப்பதில்லை. படிப்பது அவர் வேலையும் இல்லை. வண்டிக்கு நம்பர் பிளேட் இருக்கிறது என்பதற்காக ஓட்டுகிறவர் குடிக்கவில்லை என்று ஆகிவிடுமா? ஐ.எஸ்.எஸ்.என். தரச்சான்று அல்ல, அரசு அங்கீகாரம் அல்ல, மருத்துவ ஆணையத்தின் ஒப்புதலும் அல்ல. இதைப் பிரிண்ட் எடுத்து டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலும் எனக்குச் சம்மதம்.

கூகுள் ஸ்காலரில் தெரிகிறது என்பதும் இதே கதைதான். அது தேடுபொறி. வலையில் விழுந்ததையெல்லாம் காட்டும்.

இன்னும் கொஞ்சம் நுணுக்கமான ஏமாற்று ஒன்று உண்டு. 'பப்மெட் இண்டெக்ஸ்டு' (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் அமெரிக்கத் தளமான பப்மெட்டில் சேர்க்கப்பட்டது) என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். தேடினால் நிஜமாகவே ஒன்றிரண்டு கட்டுரை வரும். எப்படி? அமெரிக்க அரசின் ஆய்வு நிதி வாங்கியவர்கள் தங்கள் கட்டுரையின் பிரதியை பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியத்தில் சேர்த்தாக வேண்டும், அது எந்த இதழில் வந்திருந்தாலும். அப்படி ஒரு கட்டுரை உள்ளே போய்விட்டால் இதழே உள்ளே போய்விட்ட மாதிரி விளம்பரம் செய்கிறார்கள். இதழின் பெயரை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாகில் போட்டுப் பாருங்கள், தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் சேர்க்கும் மெட்லைன் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று அங்கே எழுதியிருக்கும்.

2013-ல் சயின்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், கற்பாசியிலிருந்து (லைக்கன்) புற்றுநோய்க்கு மருந்து என்று வேண்டுமென்றே ஓட்டை நிறைந்த ஒரு பொய்க் கட்டுரையைத் தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 2019-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பதிப்பு நிறுவனத்துக்கு அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி உத்தரவிட்டது. கட்டணத்தை மறைத்தார்கள், கட்டுரையைத் திரும்பப் பெற விடவில்லை என்பதெல்லாம் அந்த வழக்கில் வந்த குற்றச்சாட்டுகள்.

திரும்பப் பெறுவதுதான் இங்கே பெரிய வலி. பயோகெமிஸ்ட்ரி மேடம் பேப்பரை எடுத்துவிடச் சொல்லி மெயில் போட்டதற்கு, 'வித்டிராயல் கட்டணம்' 9,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு இடத்தில் வெளியான பேப்பரை நல்ல இதழ் எதுவும் தொடாது. 14,500 போனால் போகிறது. 210 பெண்கள் ஊசி குத்திக்கொண்டு கொடுத்த ரத்தம் அது.

முழுப் பழியையும் இளைய ஆசிரியர்கள் தலையில் போட நான் தயாராக இல்லை. 2005 முதல் 2014 வரையிலான பத்து வருடத்தை எடுத்து சமீரன் நந்தி என்ற மருத்துவர் உள்ளிட்ட மூவர் 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பார்த்த 579 மருத்துவ நிறுவனங்களில் 332-லிருந்து ஒரு பேப்பர்கூட வரவில்லை. அப்படிப்பட்ட இடங்களில் வேலை பார்ப்பவரிடமும் ப்ரமோஷனுக்குப் பேப்பர் கேட்டார்கள். லேப் கிடையாது, ஜர்னல் சந்தா கிடையாது, காலையில் ஓ.பி., மதியம் கிளாஸ், நடுவில் இன்ஸ்பெக்ஷன் ஃபைல். அப்புறம் கடை விரிக்க ஆள் வராமல் இருப்பார்களா? ப்ரமோஷனுக்கு எந்தெந்த இதழ்த் தொகுப்புகளில் வந்த பேப்பர் செல்லும் என்று 2015-ல், மருத்துவ ஆணையத்துக்கு முன்பிருந்த மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட பட்டியலில் இண்டெக்ஸ் கோப்பர்னிகஸ் என்ற தொகுப்பும் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி நடந்த வியாபாரத்தை அப்போது இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். 2020-ல் பட்டியலை மாற்றியபோது அது போனது, டி.ஓ.ஏ.ஜே. (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களின் தொகுப்பு) வந்தது. 2022 விதிகளிலும் பேப்பரை எழுதியவர்களில் முதல் மூன்று பெயர்களில் ஒருவராகவோ, இதழோடு தொடர்புகொள்ளும் பொறுப்புள்ளவராகவோ (கரஸ்பாண்டிங் ஆதர்) இருக்க வேண்டும் என்று இருந்தது. உடனே 'மூன்றாவது இடம் காலி' என்று வாட்ஸ்அப் குரூப்பில் விலை போட்டுவிட்டார்கள்! தயவுசெய்து அதை வாங்காதீர்கள். பெயர் போட்டால் அந்தப் பேப்பருக்கு நீங்களும் பொறுப்பு. நாளைக்கு டேட்டாவைக் கேட்டால் என்ன காட்டுவீர்கள்?

அனுப்பும் முன் பத்து நிமிடம் செலவழியுங்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தொகுப்பில் இருப்பதாகச் சொன்னால், ஸ்கோபஸ் தளத்திலேயே இதழின் பெயரைத் தேடுங்கள், இலவசம்தான். எந்த வருடம் வரை என்று பார்க்க மறக்காதீர்கள், நீக்கப்பட்ட இதழ்கள் பழைய புகழிலேயே காசு வாங்குகின்றன. டி.ஓ.ஏ.ஜே.யில் தேடினால் கட்டணமே வாங்காத இதழ்களைத் தனியாகப் பிரித்துக் காட்டும். கட்டணம் வாங்குவதெல்லாம் மோசடி என்றும் நான் சொல்லவில்லை, நல்ல இதழ்களும் வாங்குகின்றன. மூன்று நாளில் ஏற்றுக்கொள்வதுதான் மோசடி. பாராட்டி வரும் மெயிலைத் திறக்காமல் அழியுங்கள், உங்களை எமினென்ட் என்று நினைப்பவர் ஜி-பே நம்பர் அனுப்ப மாட்டார். ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைனில் நடத்துகிறது. அதை சர்டிஃபிகேட்டுக்காக ஓடவிட்டுவிட்டுத் தூங்காதீர்கள், பாடம் நன்றாகவே இருக்கிறது. மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதியில் பதிய வழியே இல்லை. முடித்துவிட்டு வந்து "ஏதாவது பண்ணுங்க சார்" என்று என்னிடம் நிற்காதீர்கள். (டேட்டா எடுத்து முடித்த பிறகு "ஸ்டாட்ஸ் மட்டும் போட்டுக் குடுங்க" என்று வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். கம்யூனிட்டி மெடிசின்காரன் என்ன, ஜாதகப் பொருத்தம் பார்ப்பவனா?)

வசதி இல்லை என்ற பதிலுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, நுண்ணுயிரியல் துறை. பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவுக்கு எய்ட்ஸ் பற்றித் தீசிஸ் செய்யச் சொன்னார். இங்கெல்லாம் அது வராது என்று ஊரே நம்பியிருந்த காலம். நிர்மலா 80-க்கு மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். பரிசோதிக்க வசதி இல்லாததால் 1986 பிப்ரவரியில் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போனார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது பாசிட்டிவ். அமெரிக்காவில் மறுபடி பார்த்து உறுதி செய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாட்டுக்குத் தெரிந்தது ஒரு பி.ஜி. தீசிஸால். அந்த ஆசிரியருக்கும் மாணவிக்கும் மனதில் ஒரு கேள்வி இருந்தது. நம்மில் பலருக்குத் தேவைப்படுவது தலைப்பு மட்டும்.

உங்கள் கேள்வி உங்கள் வார்டிலேயே கிடக்கும். அன்றைக்கு அந்த மேடத்திடம், தினமும் லேபில் எரிச்சலூட்டுவது எது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: ஹீமோலைஸ் ஆகி (சிவப்பணுக்கள் உடைந்து) வரும் மாதிரிகள். பொட்டாசியம் தப்பாக ஏறித் தெரியும், திருப்பி அனுப்பினால் சிஸ்டர் சண்டைக்கு வருவார், நோயாளிக்கு இரண்டாவது ஊசி. எந்த வார்டிலிருந்து அதிகம் வருகிறது, ஏன் என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா என்றேன். இல்லை என்றார்.

எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தை முதல் ஆளாகக் கொடுத்து, அனுமதி வாங்கி, இப்போது ஒரு பழைய ரிஜிஸ்டரில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். செலவு, ஒரு ஸ்கேலும் சிவப்பு பேனாவும். நேற்று கேன்டீனில் பார்த்தபோது காஷுவாலிட்டிதானே அதிகம் என்று கேட்டுப் பார்த்தேன்.

"மூணு மாசம் முடியட்டும் சார், இப்ப சொல்ல மாட்டேன்" என்றார்.