மூன்றில் ஒரு பங்கு எடை, முப்பதில் ஒரு பங்கு விறைப்பு

டிராக் (drag) பந்தயத்தில் வளைவும் இல்லை, சுற்றும் இல்லை. நேரான ஒரு தடம், அதன் நீளம் கால் மைல், அதாவது 402 மீட்டர். பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டு கார்கள் பாய்கின்றன. பத்துப் பன்னிரண்டு நொடிகளில் கதை முடிந்துவிடுகிறது. ஓட்டுநரின் சாமர்த்தியம் புகுந்து விளையாட இங்கே இடம் குறைவு. இயந்திரத்தின் திறன், டயரின் பிடி, காரின் எடை இந்த மூன்றும்தான் பெரும்பாலும் வெற்றியைத் தீர்மானிக்கின்றன. திறனைக் கூட்டப் பணம் வேண்டும். எடையைக் குறைக்க ஸ்பானர் போதும். அதனால் பின் இருக்கை, தரைவிரிப்பு, ஏசி, ரேடியோ என்று ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. கழற்ற இனி ஒன்றுமில்லை என்ற நிலையில், பார்வை ஜன்னல்கள் மீது விழுகிறது.

இயந்திரம் தடம் முழுக்க ஒரே திறனைத் தருகிறது என்று எடுத்துக்கொண்டால், 402 மீட்டரைக் கடக்கும் நேரம் எடையின் கனமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். எடை ஒரு சதவீதம் குறைந்தால் நேரம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். 1500 கிலோ எடையுள்ள கார் 12 நொடியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 15 கிலோவை எடுத்தால் மிச்சமாவது 0.04 நொடி. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இறுதிக் கோட்டைத் தாண்டும்போது அந்தக் கார் மணிக்கு 180 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் இருக்கும்; 0.04 நொடி என்பது அங்கே 2 மீட்டர். ஒரு பானட்டின் நீளத்தில் வெற்றி தோல்வி நிர்ணயமாகும் விளையாட்டில் அது பெரிய தூரம். நூறு பவுண்டு குறைந்தால் பத்தில் ஒரு நொடி மிச்சம் என்று அமெரிக்கப் பந்தயக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வாய்ப்பாடும் இந்தக் கணக்கோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது.

ஜன்னல்களில் அவ்வளவு எடை இருக்கிறதா? இருக்கிறது. கண்ணாடியின் அடர்த்தி தண்ணீரைப் போல் இரண்டரை மடங்கு. 4 மி.மீ. தடிமனுள்ள பக்கக் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. அது இன்னும் கொஞ்சம் கனம். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் அடர்த்தியோ 1.2 மட்டுமே. 3 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 3.6 கிலோ. பக்கங்களிலும் பின்புறத்திலும் மொத்தம் 2 சதுர மீட்டரை மாற்றினால் 12 முதல் 13 கிலோ குறையும். கதவுக்குள் இருக்கும் ஜன்னல் மோட்டார், கம்பிவடம், தண்டவாளம் ஆகியவற்றையும் சேர்த்துக் கழற்றிவிடலாம் என்பது கூடுதல் லாபம். ஒரே ஒரு உறுத்தல்: பின்சக்கரங்களால் ஓடும் காரில் பின்கண்ணாடியின் எடை அந்தச் சக்கரங்களைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. அந்த எடையை இழப்பது முழு ஆதாயம் அல்ல. முன்பக்கம் குறையும் ஒவ்வொரு கிலோவும்தான் இரட்டை இனிப்பு.

எந்தப் பிளாஸ்டிக் என்பதிலும் ஒரு வரலாறு உண்டு. ஃபோர்டு நிறுவனம் 1964-ஆம் ஆண்டு டிராக் பந்தயத்துக்கென்றே 100 தண்டர்போல்ட் கார்களைக் கட்டியபோது, முன்கண்ணாடி தவிர மற்ற ஜன்னல்களுக்கு அக்ரிலிக்கைப் பயன்படுத்தியது. அக்ரிலிக் தெளிவானது, எளிதில் கீறல் விழாது. ஆனால் அடி விழுந்தால் கூரிய சில்லுகளாக உடையும். பாலிகார்பனேட் வேறு குணம். 1953-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் இதை உருவாக்கினார்கள். மேக்ரோலான், லெக்ஸான் என்ற இரண்டு வணிகப் பெயர்களும் அப்படி வந்தவையே. பந்தயப் பட்டறைகளில் இன்றும் எந்த நிறுவனத்தின் தகடாக இருந்தாலும் லெக்ஸான் என்றே அழைக்கிறார்கள்.

பாலிகார்பனேட்டின் மூலக்கூறுச் சங்கிலிகள், தகடு உறுதியாக இருக்கும் சாதாரண வெப்பநிலையிலும் சிறு அளவில் அசைந்து கொடுக்கக்கூடியவை. கல் வந்து மோதினால் விரிசல் ஓடுவதற்கு முன் அந்த இடம் நசுங்கி, நீண்டு, மோதலின் ஆற்றலை விழுங்கிவிடும். கண்ணாடிக்கு அந்த வசதி கிடையாது. அதன் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பழுது இருந்தால் இழுவிசை முழுவதும் அந்த முனையில் குவிந்து பிளந்துகொண்டு போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் விற்பனைத் துண்டறிக்கையிலேயே இருக்கும். அதில் இருக்காத ஒரு எண் உண்டு. வளைய மறுக்கும் குணத்தை, அதாவது விறைப்பை அளந்தால், கண்ணாடிக்கு சுமார் 70 கிகாபாஸ்கல், பாலிகார்பனேட்டுக்கு 2.3 அல்லது 2.4. முப்பதில் ஒரு பங்கு! ஒரு தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடியோடு (தடிமன் × தடிமன் × தடிமன்) உயரும் என்பதால், 4 மி.மீ. கண்ணாடிக்குப் பதில் 3 மி.மீ. பாலிகார்பனேட் தகட்டை மாட்டினால் அது ஏறத்தாழ 70 மடங்கு தொளதொளப்பாக இருக்கும். சரி, கண்ணாடியின் விறைப்பே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால்? தடிமனை 3.1 மடங்காக, அதாவது 12 மி.மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டும். அந்தத் தகட்டின் எடை சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 15 கிலோ. கண்ணாடியைவிட ஒன்றரை மடங்கு கனம்!

ஆகவே, தட்டையான தகட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் ஜன்னல் கண்ணாடியை வெல்லவில்லை. விறைப்பைக் கொடுத்து எடைக் குறைவை வாங்கியிருக்கிறது. உடையாது என்ற துணிவில் மெல்லியதாக வெட்ட முடிகிறது, அவ்வளவுதான். கொடுத்துவிட்ட விறைப்பை வேறு வழிகளில் திரும்பப் பெறுவதுதான் பட்டறையில் நடக்கும் வேலையின் பெரும்பகுதி.

காற்று அந்தக் கடனை வசூலிக்கும் விதத்தைப் பாருங்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1850 பாஸ்கல். நேரெதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது 190 கிலோ எடையை ஏற்றியது போல. முன்கண்ணாடி சாய்ந்திருப்பதால் அதில் ஒரு பகுதிதான் அதன் மேல் விழும் என்றாலும், மெல்லிய தகடு நடுவில் உள்ளே குழிவதற்கு அது தாராளமாகப் போதும். பக்கங்களில் நிலைமை தலைகீழ். காரை ஒட்டி விரைந்து ஓடும் காற்றின் அழுத்தம் உள்ளே இருப்பதைவிடக் குறைவு. எனவே ஜன்னல் வெளிப்புறமாக உறிஞ்சப்படுகிறது. ஜன்னலைச் சுற்றிச் சட்டகம் இல்லாத கதவுகளில் தகட்டின் மேல் விளிம்பு கூரையை விட்டு விலகுவதை வேகத்தில் பார்க்கலாம். இதற்காக முன்தகட்டின் நடுவே உள்பக்கம் அலுமினியப் பட்டை நிறுத்துகிறார்கள். பின்தகட்டுக்கு வெளிப்பக்கம் பட்டை. முன்புறத்துக்கு 5 அல்லது 6 மி.மீ. தகடு, மற்ற இடங்களுக்கு 3 மி.மீ. என்ற வழக்கமும் இதனால்தான்.

இன்னொரு உதவி வளைவு. தட்டைத் தகட்டைவிட வளைந்த தகடு பல மடங்கு விறைப்பானது. பாலிகார்பனேட்டைச் சூடாக்காமலே, தடிமனைப் போல் நூறு மடங்கு ஆரம் வரை ஒரு திசையில் வளைக்கலாம். இரண்டு திசைகளிலும் வளையும் முன்கண்ணாடிக்கு மட்டும் உலையும் அச்சும் தேவை. அதற்கு முன் தகட்டை 120 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் உலர்த்த வேண்டும். காற்றிலிருந்து அது உறிஞ்சி வைத்திருக்கும் துளி ஈரம்கூட உலையில் ஆவியாகித் தகடு முழுவதும் குமிழிகளாக நின்றுவிடும்.

மாட்டும் வேலையில் பலர் கோட்டைவிடுவது திருகுத் துளையில். வெப்பத்தில் பாலிகார்பனேட் இரும்பைவிட ஐந்தாறு மடங்கு விரிகிறது. ஒரு மீட்டர் நீளத் தகடு, 40 டிகிரி ஏற்றத்தில் 2.7 மி.மீ. நீளும், அது பொருந்தியிருக்கும் எஃகு உடல் அரை மி.மீ. மட்டுமே. திருகின் அளவுக்கே துளையிட்டு இறுக்கினால் அந்த வித்தியாசம் போக வழியில்லை. தகடு அலையலையாய் நெளியும், அல்லது துளையின் ஓரத்தில் நட்சத்திர விரிசல் கிளம்பும். எனவே துளை பெரிதாக இருக்க வேண்டும், அகலமான வாஷர் வேண்டும், கூம்புத் தலைத் திருகு கூடாது, முறுக்கு லேசாக இருக்க வேண்டும். முறுக்கு லேசாக இருந்தால் திருகு கழன்றுவிடுமே என்று மரையில் பூட்டுப் பசையைத் தடவுபவர்கள் உண்டு. அதுதான் ஆபத்து. அந்தப் பசை, பெட்ரோல், அசிட்டோன், பிரேக் சுத்திகரிப்பான் எல்லாமே இழுவிசையில் இருக்கும் பாலிகார்பனேட்டில் நுண்விரிசல்களைத் திறந்துவிடக்கூடியவை. கல்லடிக்கு அஞ்சாத தகடு, துளையோரத்தில் பட்ட ஒரு சொட்டுப் பசையால் வெடிக்கும். அதனால் நைலான் உட்புறமுள்ள பூட்டு நட்டு போடுவதே சரி. கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவமும் வேண்டாம்; மென்சோப்பு நீரும் மெத்தென்ற துணியும் போதும்.

கீறல், மஞ்சளாதல் இரண்டும் தெரிந்த குறைகள். கடினப்பூச்சு உள்ள தகடு வாங்கினால் இரண்டும் தள்ளிப்போகும். வைப்பர் ஓடும் காருக்குப் பூச்சில்லாத தகடு வீண்செலவு.

சாலையில் ஓட்டும் காருக்கு இந்த மாற்றம் பொருந்தாது என்பதே என் கருத்து. பெரும்பாலான நாடுகளில் முன்புறம் ஒட்டுக் கண்ணாடி கட்டாயம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பசையால் ஒட்டப்பட்ட முன்கண்ணாடி காரின் கூட்டுக்கே வலுச் சேர்க்கிறது. பல கார்களில் பயணியின் ஏர்பேக் விரியும்போது சாய்ந்துகொள்வதும் அதன் மீதுதான். பந்தயக் காரில் இந்தப் பொறுப்பை எஃகுக் குழாய்க் கூண்டும் பல பட்டைப் பெல்ட்டும் ஏற்கின்றன. மேலும், பக்கக் கண்ணாடியை விபத்தில் சிறு சுத்தியலால் உடைத்து ஆளை வெளியே எடுக்கலாம். பாலிகார்பனேட்டில் அந்தச் சுத்தியல் துள்ளித் திரும்பும்.

கண்ணாடியே மெலிய முடியுமென்றால் பிளாஸ்டிக் எதற்கு என்ற கேள்வியும் பழையதுதான். 1968-இல் டாட்ஜ் டார்ட், பிளிமத் பாரக்குடா கார்களின், ஹெமி என்ற இயந்திரம் பொருத்திய டிராக் வடிவங்களுக்குக் கார்னிங் நிறுவனத்தின் கெம்கார் கண்ணாடி பக்கங்களில் பொருத்தப்பட்டது. தடிமன் 2 மி.மீ. மட்டுமே. உருகிய பொட்டாசிய உப்பில் கண்ணாடியை ஊறவைத்தால் பரப்பில் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடங்களில் நெருக்கியடித்து அமரும். அந்த நெருக்கம் பரப்பை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருப்பதால் விரிசல் திறக்க இடமில்லை. சதுர மீட்டருக்கு 5 கிலோ, 3 மி.மீ. பாலிகார்பனேட்டைவிட ஒன்றரைக் கிலோ கூடுதல், ஆனால் விறைப்பு அதைப் போல் ஒன்பது மடங்கு. அந்தக் கார்களில் ஜன்னலை ஏற்றி இறக்கும் கைப்பிடிகூட இல்லை. பட்டையைப் பிடித்துக் கையால் தூக்க வேண்டும். கெம்காரின் வழிவந்த கொரில்லா கண்ணாடி பின்னர் கைப்பேசிகளுக்குப் போயிற்று. அங்கிருந்து அது காருக்கும் திரும்பியது: புதிய ஃபோர்டு ஜிடி காரின் முன்கண்ணாடியில் உள்தகடாக அதை ஒட்டியதாக 2015 டிசம்பரில் ஃபோர்டு அறிவித்தது. இயந்திரத்தின் மேலுள்ள பின்மூடியையும் சேர்த்து அதில் மிச்சமான எடை 5 கிலோவுக்குச் சற்று மேல்.