ஓர் இலை மூடினால் ஊற்று ஏன் நிற்கிறது?

மொட்டை மாடியில் அல்லித் தொட்டி வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தொட்டியில் சோலார் நீரூற்று ஒன்றை மிதக்க விட்டிருக்கிறேன். லேசாக மேகம் மூடினால் தண்ணீர் கொஞ்சம் தாழ்கிறது, ஆனாலும் ஓடுகிறது. அல்லி இலை ஒன்று அதன் சோலார் தட்டின் ஓரத்தில் ஏறிவிட்டால் மட்டும் சட்டென்று நின்றுவிடுகிறது. தட்டில் முக்கால்வாசி வெயிலில்தானே இருக்கிறது? மோட்டாரில் கோளாறா?"

மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. விஷயம் தட்டில் இருக்கிறது.

தட்டில் உள்ள சிலிக்கான் செல்லில் ஒளி பட்டால் எலக்ட்ரான் விடுபடும், இரண்டு வகைச் சிலிக்கான் சேரும் பி-என் சந்தியில் உள்ள மின்புலம் அதை ஒரு பக்கமாகத் தள்ளும். இது பள்ளியில் படித்ததுதான். அங்கே அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. செல் பெரிதோ சிறிதோ, அது தரும் மின்னழுத்தம் ஏறக்குறைய அரை வோல்ட்தான். பரப்பும் வெளிச்சமும் கூடினால் கூடுவது மின்னோட்டம். ஊற்றின் மோட்டாருக்கு 6 வோல்ட் வேண்டுமென்றால் 12 செல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தாக வேண்டும். தட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கருநீலப் பரப்பு பட்டை பட்டையாக வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு செல்.

தொடர் இணைப்பில் எல்லாச் செல்லிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். கான்கிரீட் போடும் அன்று சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, அந்தக் கதைதான். பதினொரு பேர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் நடுவில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மேலே ஒரு சட்டியும் போகாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. இலை மூடிய செல் ஏன் வெறும் கம்பிபோல் இருந்து, மற்றவர்கள் அனுப்புவதையாவது கடத்திவிடக் கூடாது? ஏனென்றால் இருட்டில் ஒரு சோலார் செல் என்பது வெறும் டையோடு. டையோடு ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும். ஒளியால் பிறக்கும் மின்னோட்டம் ஓடுவதோ அதற்கு நேர் எதிர்த் திசையில். வெளிச்சத்தில் எலக்ட்ரானை ஒரு பக்கமாகத் தள்ளி நமக்கு மின்சாரம் தந்த அதே சந்தி, இருட்டானதும் அண்டைச் செல்களின் மின்சாரத்துக்கு வழியை அடைத்துவிடுகிறது. செல் வேலை செய்வதற்கும் மறிப்பதற்கும் காரணம் ஒன்றே!

ஒரு ஸ்கேல் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பட்டை முழுவதும் மறையும்படி ஸ்கேலை நீளவாக்கில் வையுங்கள், ஊற்று படுத்துவிடும். அதே ஸ்கேலை எல்லாப் பட்டைகளுக்கும் குறுக்கே, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மறையும்படி திருப்பி வையுங்கள். தண்ணீர் சற்றுத் தாழும், நிற்காது. நிழலின் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். யார் தலையில் விழுந்தது என்பதில்தான் வித்தியாசம். மேகம் எல்லாச் செல்லையும் சமமாக மங்கச் செய்கிறது, அதனால் ஓட்டம் குறைவதோடு சரி. இந்தக் கணக்கில் மெல்லிய மேகத்தைவிடக் காக்கை எச்சம் மோசமானது.

கூரையில் மாட்டும் பெரிய பேனல்களுக்கும் இதே தலைவலி உண்டு. அங்கே மூடப்பட்ட ஒரு செல்மீது மற்றவற்றின் மின்னழுத்தம் தலைகீழாக ஏறி, அந்த இடம் சூடாகிக் கருகக்கூடும். அதனால் 60 செல் பேனலில் 20 செல்லுக்கு ஒன்றாக மூன்று மாற்றுவழி டையோடுகள் வைக்கிறார்கள். ஒரு செல் முடங்கினால் அந்த 20-ஐ மட்டும் சுற்றிக்கொண்டு மின்சாரம் போய்விடும். தோட்டத்து ஊற்றில் அந்தச் செலவை யாரும் செய்வதில்லை.

அப்புறம் மேகத்தில் ஊற்று தாழும் விதம். உள்ளே சுழலும் சிறு விசிறி தண்ணீரை எறியும் உயரம், சுழல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் உயரம் கால்வாசி. சிறு மங்கல்கூடக் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான்.

இந்தச் செல் பிறந்த கதையும் நமக்குத் தூரமானதல்ல. 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் ஏறக்குறைய 6 சதவீதத் திறனுள்ள சிலிக்கான் செல்லைக் காட்டினார்கள். சாப்பினுக்குத் தரப்பட்ட வேலை, வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் சீக்கிரம் கெட்டுப்போகும் தொலைபேசி பேட்டரிகளுக்கு மாற்று தேடுவது. தொலைபேசிக் கம்பெனி ஒன்று பொறுமையாகக் காசு போட்டது, உலகத்துக்கே கிடைத்தது. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது இன்னும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பேனல் மாட்டுவதற்குத் தரும் மானியத்தில் கொஞ்சம் செல்லை ஆராய்வதற்கும் போகலாம் என்பது என் கட்சி.

வாஸ்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீரூற்றை ஈசானிய மூலையில் வைக்கச் சொல்லும் யோசனை ஊரெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. பிற்பகலில் சூரியன் மேற்கே சாயும்போது வீட்டின் நிழல் கிழக்கே விழும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே ஒதுங்கிவிடுவதால் நிழல் நேராக அந்த வடகிழக்கு மூலையைத் தேடிப் போகும். செல்வம் பெருகுமோ என்னவோ, ஊற்று மூன்று மணிக்கே ஓய்ந்துவிடும்.

சரி, வாசகி என்ன செய்யலாம்? இலையை வெட்ட வேண்டாம். ஊற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இலைமேல் ஓயாமல் தண்ணீர் தெறிப்பது அல்லிக்கும் பிடிக்காது. இல்லையென்றால் பேனல் தனியாக, ஒயரோடு வரும் வகையை வாங்கி, பேனலைக் கைப்பிடிச் சுவரில் தெற்குப் பார்த்துச் சற்றே சாய்த்து வையுங்கள். சாய்வு இருந்தால் மழையிலேயே தூசி கழுவிப்போகும்.

ஊற்று ஓடினால் கொசு வராதுதானே என்றும் கேட்டிருந்தார். பேட்டரி இல்லாத ஊற்று பொழுது சாய்ந்ததும் நின்றுவிடும். விடியும் வரை அது தேங்கிய தண்ணீர்தான். நாலைந்து கப்பி மீன்களை விடுங்கள், புழுக்களை அவை பார்த்துக்கொள்ளும். மீன்குஞ்சுகள் உள்ளே போகாமல் மோட்டாரின் உறிஞ்சுவாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகி, வாரம் ஒருமுறை பிழிந்து கழுவிவிடுங்கள்.