துறைமுகத்துப் புகைக்கு ஒரு கணக்கு

கரையோரம் கயிறு கட்டி நிற்கும் கன்டெய்னர் கப்பலைப் பார்த்தால், நெடுந்தூரம் ஓடி வந்து ஓய்வெடுக்கிறது என்றுதான் தோன்றும். பெரிய என்ஜின் நின்றுவிட்டது, புரொப்பல்லர் சுழலவில்லை. ஆனால் புகைபோக்கியின் உச்சியை உற்றுக் கவனியுங்கள். அங்கே மட்டும் காற்று கானல்போல நெளிந்துகொண்டிருக்கும். உள்ளே ஜெனரேட்டர்கள் ஓடுகின்றன. விளக்கு, பம்பு, காற்றோட்ட விசிறி, மாலுமிகளின் சமையலறை, குளிரூட்டிய கன்டெய்னர்கள் என எல்லாவற்றுக்கும் மின்சாரம் கப்பலுக்குள்ளேயேதான் தயாராகிறது. ஒரு துறைமுகம் ஆண்டுக்கு எவ்வளவு புகை கக்குகிறது என்று கணக்கெடுக்கப் போனால், நிற்கும் கப்பலை விட்டுவிடவே கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்து எண்களோடு பார்ப்போம்.

அனல்மின் நிலையத்துக்குப் புகைபோக்கி ஒன்றோ இரண்டோதான். அதில் கருவியைப் பொருத்தி, வெளியேறும் வாயுவை நொடிக்கு நொடி அளந்துவிடலாம். துறைமுகத்தின் புகைபோக்கிகளோ நகர்ந்துகொண்டே இருக்கின்றன. வந்து போகும் கப்பல்கள், அவற்றைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்கும் இழுவைப் படகுகள், யார்டில் கன்டெய்னர்களைத் தூக்கி அடுக்கும் கிரேன்கள், சரக்கு ரயிலின் டீசல் என்ஜின்கள், வாசலில் வரிசை கட்டும் லாரிகள். ஆயிரக்கணக்கான என்ஜின்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயது. பக்கத்தில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையம் ஒன்றை வைத்தாலும், அதற்குள் போகும் காற்றில் கப்பலின் பங்கு எவ்வளவு, சாலை லாரியின் பங்கு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. அந்தப் பிரிவினை தெரியாமல் எதைக் குறைப்பது என்று முடிவெடுக்க முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நுரையீரல் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆகவே புகையை அளப்பதற்குப் பதிலாக, என்ஜின் செய்த வேலையை அளக்கிறார்கள். என்ஜினின் முழுத் திறன் எத்தனை கிலோவாட், அதில் எவ்வளவு பங்கை உபயோகித்தது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று மூன்றையும் பெருக்கினால் கிலோவாட்-மணி கிடைக்கும். மின்சாரக் கணக்கில் நாம் யூனிட் என்று சொல்வது இதைத்தான். ஒரு யூனிட் வேலைக்கு இத்தனை கிராம் நைட்ரஜன் ஆக்சைடு, இத்தனை கிராம் நுண்துகள் என்று என்ஜின் சோதனைகளிலிருந்து திரட்டிய எண் ஒன்று உண்டு. அதற்கு உமிழ்வுக் காரணி என்று பெயர். அதையும் பெருக்கினால் புகையின் எடை வந்துவிடும். சூத்திரம் ஒரே வரிதான். அந்த நான்கு எண்களையும் உண்மைக்குப் பக்கத்தில் பிடிப்பதில்தான் இந்த வேலையின் உழைப்பெல்லாம் இருக்கிறது.

கப்பலுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. சர்வதேசப் பயணம் போகும், 300 கிராஸ் டன்னும் (எடை அல்ல, கப்பலின் கொள்ளளவைக் காட்டும் எண்) அதற்கு மேலுமான கப்பல்கள் எல்லாம் ஏஐஎஸ் என்னும் தானியங்கி அடையாளக் கருவியை வைத்திருக்க வேண்டும். மோதலைத் தவிர்ப்பதற்காக வந்த கருவி அது. ஓடும்போது சில நொடிகளுக்கு ஒரு முறையும், நங்கூரம் போட்டிருக்கும்போது 3 நிமிடத்துக்கு ஒரு முறையும், தான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேகம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். கப்பலின் நிரந்தர அடையாளமான 7 இலக்க ஐஎம்ஓ எண்ணை வைத்துப் பதிவேட்டில் தேடினால், என்ஜினின் திறன், உச்ச வேகம், கட்டிய ஆண்டு எல்லாம் கிடைக்கும். கட்டிய ஆண்டு ஏன் முக்கியம்? நைட்ரஜன் ஆக்சைடுக்கான உச்சவரம்பு அதைப் பொறுத்தே மாறுகிறது. மெதுவாகச் சுழலும் பெரிய என்ஜினுக்கு, 2000 முதல் கட்டிய கப்பல்களில் யூனிட்டுக்கு 17 கிராம். 2011 முதல் கட்டியவற்றில் 14.4 கிராம். அதற்குப் பிறகு வந்த கப்பல்களுக்கு, இதற்கென அறிவித்த கட்டுப்பாட்டுக் கடல் பகுதிகளுக்குள் 3.4 கிராம்தான்.

என்ஜின் எவ்வளவு பாடுபடுகிறது என்பதை ஏஐஎஸ் சொல்லாது. வேகத்திலிருந்து அதை வருவிக்க வேண்டும். இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது. கப்பலைத் தள்ளத் தேவையான திறன் கிட்டத்தட்ட வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 40,000 கிலோவாட் என்ஜினும் 24 நாட் (அதாவது மணிக்கு 24 கடல் மைல்) உச்ச வேகமும் உள்ள கப்பல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அது 12 நாட் வேகத்தில் போனால், பாதி வேகத்துக்குப் பாதித் திறன் என்று மனம் சொல்லும். உண்மையில் அரைக்கு அரைக்கு அரை, அதாவது எட்டில் ஒரு பங்கு. வெறும் 5,000 கிலோவாட். 24 கடல் மைலைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆகும், ஆகவே 10,000 யூனிட். அதே தூரத்தை முழு வேகத்தில் ஒரு மணி நேரத்தில் கடந்தால் 40,000 யூனிட். பாதி வேகம், நாலில் ஒரு பங்கு ஆற்றல்! துறைமுகத்தை நெருங்கும் கப்பல்களை 12 நாட் வேகத்துக்கு இறங்கும்படி கேட்கும் திட்டம் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2001-ல் தொடங்கியதற்கு இந்த மும்மடிதான் அடிப்படை. புதிய கருவி ஏதும் வாங்காமல் புகையைக் குறைக்கும் இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. டீசல் என்ஜின் மிகக் குறைந்த சுமையில் ஓடும்போது எரிபொருள் சரியாக எரியாது. மொத்தப் புகை குறைந்தாலும், ஒரு யூனிட் வேலைக்கான புகை கூடிவிடும். அதனால் 20 சதவீதச் சுமைக்குக் கீழே போனால் காரணியை உயர்த்தித் திருத்துகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2 சதவீதச் சுமையில் நுண்துகளுக்கான பெருக்கல் எண் 7-க்கும் மேல். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்து கரையை நோக்கி ஊர்ந்து வரும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இந்தத் திருத்தம் பெரிதாக விளையாடும்.

இப்போது நிற்கும் கப்பலுக்கு வருவோம். நம் கற்பனைக் கப்பல் 36 மணி நேரம் கரையில் நிற்கிறது, ஜெனரேட்டர்கள் சராசரியாக 1,000 கிலோவாட் கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 36,000 யூனிட். இந்த வகை நடுத்தர வேக என்ஜின்களுக்கு யூனிட்டுக்குச் சுமார் 10 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு என்றால், 360 கிலோ. 12 நாட் வேகத்தில் உள்ளே வந்த 24 கடல் மைல் ஓட்டத்துக்கு 14.4 கிராம் வீதம் 144 கிலோ. திரும்பிப் போகவும் அவ்வளவே என்றால் 288. குறைந்த சுமைத் திருத்தம் இந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றும் என்றாலும், ஆட்டம் அசைவில்லாமல் நின்றதற்கான கணக்கு ஓடியதன் கணக்கோடு சரிக்குச் சரி வந்து நிற்கிறது. அதுவும் கடலுக்கு நடுவில் அல்ல, வீடுகளுக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில், இரவும் பகலும்.

அந்த 1,000 கிலோவாட் என்ற எண்ணை எங்கிருந்து எடுப்பது? எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. ஒரே அளவிலான இரண்டு கப்பல்களில் ஒன்று வெற்றுக் கன்டெய்னர்களோடு வரும், இன்னொன்று நூற்றுக்கணக்கான குளிர் கன்டெய்னர்களோடு வரும். மின்தேவை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்துக்குக் கணக்கெடுப்பவர்கள் இதற்காகக் கப்பல்களிலேயே ஏறுகிறார்கள். ஓட்டத்தின்போது எத்தனை ஜெனரேட்டர், கரையில் எத்தனை, எவ்வளவு சுமை, பாய்லரை எப்போது மூட்டுகிறீர்கள் என்று சீஃப் என்ஜினியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். நடுக்கடலில் பெரும்பாலும் பாய்லர் தேவைப்படாது. பெரிய என்ஜினின் புகைச்சூட்டிலேயே நீராவி கிடைத்துவிடும். அந்த என்ஜின் தணிந்ததும் பாய்லர் எரியத் தொடங்கும். எண்ணெய் டேங்கர்களில் இது இன்னும் அதிகம். பலவற்றில் எண்ணெயைக் கரைக்குத் தள்ளும் பம்புகளே நீராவியில் ஓடுபவை. இறக்கும்போது பாய்லர் முழுமூச்சில் எரியும், ஏற்றும்போது அவ்வளவு வேண்டியதில்லை. எண்ணெய் இறக்க வந்ததா, ஏற்ற வந்ததா என்ற ஒரு கேள்வி விட்டுப்போனால் கணக்கு எங்கோ போய்விடும்.

கந்தக டை ஆக்சைடுக்கு மட்டும் காரணி தேட வேண்டியதில்லை. எண்ணெயில் உள்ள கந்தகம் கிட்டத்தட்ட முழுவதும் எரிந்து வெளியே வரும். கந்தக அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் சம எடை என்பதால், 1 கிலோ கந்தகம் 2 கிலோ கந்தக டை ஆக்சைடாகிறது. மேலே சொன்ன 36,000 யூனிட்டுக்கு, யூனிட்டுக்கு 220 கிராம் வீதம், ஏறக்குறைய 8 டன் எண்ணெய் எரியும். 2020-க்கு முன் உலக அளவில் அனுமதித்த 3.5 சதவீதக் கந்தகம் என்றால் 560 கிலோ கந்தக டை ஆக்சைடு. 2020 முதல் உள்ள 0.5 சதவீத வரம்பில் 80 கிலோ. கட்டுப்பாட்டுக் கடல் பகுதிகளின் 0.1 சதவீதத்தில் 16 கிலோ. சட்டத்தில் மாறிய ஒற்றை எண் காற்றை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இழுவைப் படகின் என்ஜின் அசுர பலம் கொண்டது. ஆனால் பெரும்பாலான நேரம் காத்துக்கிடக்கும், அல்லது மெல்ல ஊரும். அதனால் சராசரிச் சுமையை 31 சதவீதம் என்று எடுப்பது வழக்கம். ரயில் என்ஜினின் திறனைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலில் 8 படிகள் உண்டு. எந்தப் படியில் எத்தனை நேரம் நின்றது என்பதே கணக்கு. ரயில் யார்டில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் என்ஜின்கள் நாளின் பெரும்பகுதியை நகராமல் சும்மா உறுமியே கழிக்கும். லாரிக்குக் கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கோடு, வாசலில் என்ஜினை அணைக்காமல் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் இத்தனை கிராம் என்று தனிக்கணக்கும் வேண்டும்.

யார்டு இயந்திரங்களிடம் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். கன்டெய்னர்களை யார்டுக்குள் இழுத்துச் செல்லும் யார்டு டிராக்டரின் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் மணிக்கணக்கு காட்டும் சின்ன மீட்டர் ஒன்று இருக்கும். என்ஜின் ஓடினால் ஏறும், நின்றால் நிற்கும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு எண், முடிவில் ஒரு எண், கழித்தால் ஓடிய நேரம். இதைவிட நம்பகமான சாட்சி இல்லை. சிக்கல் சுமையில்தான். அந்த மணி நேரங்களில் அது பாரம் இழுத்ததா, கிரேனுக்கு அடியில் காத்திருந்ததா? லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்கள் ஓடும் டிராக்டர்களின் என்ஜின்களிலிருந்தே தரவு எடுத்துப் பார்த்தன. கிடைத்த சராசரிச் சுமை 39 சதவீதம். அதுவரை எடுத்துக்கொண்டிருந்த எண் அதைவிடக் கணிசமாக அதிகம். அவ்வளவுதான், அறிக்கையில் புகை ஒரே நாளில் இறங்கிவிடும்! ஆனால் காற்றில் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. இந்தப் பொய்யான இறக்கத்தைச் சாதனையாகக் காட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி உண்டு. முறை மாறும்போதெல்லாம் பழைய ஆண்டுகளின் கணக்கையும் புதிய முறையில் திரும்பப் போட வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் அறிக்கைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். எந்தத் துறைமுகத்தின் அறிக்கையைக் கையில் எடுத்தாலும், பழைய ஆண்டுகளைத் திருத்தியிருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இரண்டாவதாகப் பார்ப்பது எல்லைக்கோடு. கடலில் எத்தனை மைல் வரை கணக்கு? லாரி வாசலைத் தாண்டியதும் அது துறைமுகத்தின் புகை இல்லையா, அல்லது சரக்கை இறக்கும் இடம் வரைக்கும் துறைமுகத்தின் பொறுப்பா? கோட்டை எங்கே போட்டாலும் அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆனால் வெவ்வேறு கோடு போட்ட இரண்டு துறைமுகங்களை ஒப்பிட்டு இது சுத்தம், அது அழுக்கு என்று சொல்வது அநியாயம்.

இப்படி உட்கார்ந்த இடத்தில் போட்ட கணக்கை நேரில் சரிபார்க்கவும் முடியும். டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்திலும், ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்குக் கப்பல்கள் போகும் எல்பே ஆற்றங்கரையில் உள்ள வேடலிலும் மோப்பக் கருவிகள் இருக்கின்றன. கடந்து போகும் கப்பலின் புகை காற்றில் மிதந்து வந்து கருவியைத் தொடும். காற்றில் அது எவ்வளவு கரைந்து வந்தாலும், அதிலுள்ள கந்தக டை ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் ஒரே விகிதத்தில்தான் கரைந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை எடுத்தால், அந்தக் கப்பல் எரித்த எண்ணெயில் எத்தனை சதவீதம் கந்தகம் என்பது தெரிந்துவிடும். நேரத்தை ஏஐஎஸ் பதிவோடு ஒப்பிட்டால் எந்தக் கப்பல் என்பதும் தெரிந்துவிடும்.

கலிஃபோர்னியாவில் 2014 முதல், கன்டெய்னர் கப்பல் போன்ற சில வகைக் கப்பல்கள் கரையில் நிற்கும்போது ஜெனரேட்டர் புகையைக் குறைத்தாக வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலானவை கரையிலிருந்து கேபிள் இழுத்து மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. கணக்கெடுப்பவர்களின் தாளில் அதற்கும் தனிக் கட்டங்கள் வேண்டும். கயிறு கட்டியதிலிருந்து கேபிள் செருகும் வரை ஜெனரேட்டர் ஓடிய நேரம் ஒரு கட்டத்தில். கேபிளைக் கழற்றியதிலிருந்து கிளம்பும் வரை ஓடிய நேரம் அடுத்ததில். கேபிள் மாட்டிய பிறகும் எரிந்துகொண்டிருந்த பாய்லருக்கு மூன்றாவது கட்டம்.