பெப்டைட் ஒட்டிக்கிச்சுன்னா அசையாம உக்காந்துடும்னு நினைக்காதீங்க

புரோட்டீன் ஸ்ட்ரக்சர் படிக்க ஆரம்பிச்சவங்களுக்காக இத எழுதுறேன். பெப்டைட்னா அமினோ ஆசிட் கோத்த சின்னச் சங்கிலி, அது புரோட்டீன்ல போய் ஒட்டுறதப் பத்தித்தான் பேச்சு. நான் என்எம்ஆர்ல, அதாவது காந்தப் புலத்துல வச்சு அணுக்களோட சிக்னல படிக்கிற முறையில, வேலை பாக்குறவன். ஒரு தடவை லேப்ல ஒரு பொண்ணு நல்ல சாம்பிள கீழ கொட்டப் போயிட்டா. ஈஸ்ட்டோட ஏபிபி1 புரோட்டீன்ல ஒரு எஸ்எச்3 பகுதி இருக்கு, சுமார் 60 அமினோ ஆசிட்தான், அதுல ஏஆர்கே1ங்கிற இன்னொரு புரோட்டீன்லேர்ந்து எடுத்த பெப்டைட்ட கொஞ்சம் கொஞ்சமா சேத்து ஒவ்வொரு தடவையும் ஸ்பெக்ட்ரம் எடுத்துட்டு இருந்தா. ஸ்பெக்ட்ரத்துல ஒவ்வொரு பீக்கும் புரோட்டீன்ல ஒரு இடத்தோட சிக்னல். பாதி சேத்தப்போ சில பீக் எல்லாம் அகலமாகி நாய்ஸோட நாய்ஸா கரைஞ்சு போச்சு. "சார், புரோட்டீன் கெட்டுப்போச்சு போல"ன்னு முகமே வாடிடுச்சு. இன்னும் கொஞ்சம் பெப்டைட் சேரும்மான்னு சொன்னேன், முழுசா சேத்ததும் அதே பீக்லாம் வேற இடத்துல பளிச்னு வந்து நின்னுச்சு.

கெட்டுப்போகல, பெப்டைட் ஒட்டுது, கழண்டுக்குது, திரும்ப ஒட்டுது. அந்த வேகம், ஒட்டுன நிலைக்கும் ஒட்டாத நிலைக்கும் பீக் இருக்கிற இடத்துல எவ்ளோ வித்தியாசமோ அதுக்குப் பக்கத்துல வந்துட்டா சிக்னல் மங்கிடும். அதனால காணாமப்போன பீக்க நோட்ல குறிச்சு வைங்க, அதுவும் ஒரு டேட்டாதான்.

எஸ்எச்3ங்கிறது அஞ்சு பீட்டா இழை, நடுநடுவுல லூப். அதுல ஆர்டி லூப்புக்கும் என்-எஸ்ஆர்சி லூப்புக்கும் பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு, பெப்டைட் வந்து உக்கார்றது அங்கதான். புரோலின், அப்புறம் எது வேணாலும் ரெண்டு, திரும்ப புரோலின், இதுதான் அதுக்குப் புடிச்ச வரிசை. இந்த வரிசை இடதுபக்கம் முறுக்குன ஹெலிக்ஸா நிக்கும், ஒரு சுத்துக்கு மூணு அமினோ ஆசிட். புரோலின் ஏற்கனவே விறைப்பா இருக்கிறதால ஒட்டுறப்போ இழக்கிற சுதந்திரம் கம்மி, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இது. ஏபிபி1 கதையில இந்தப் புரோலின் பகுதி மட்டும் பத்தாது, பெப்டைட்டோட மிச்சப் பகுதியும் பக்கத்துப் பரப்புல நீண்டு படியும், பிடிப்பு இறுகுறதும் ஆள் பாத்து ஒட்டுறதும் அதனாலதான்.

சரி, கழண்டுக்கிறது எதுக்கு? ஈஸ்ட் செல் வெளியில இருக்கிறத உள்ள இழுக்கிற இடத்துல ஆக்டின்ங்கிற இழைப் புரோட்டீன் கூட்டமா சேரும், ஏபிபி1 அங்கதான் இருக்கும், அது ஏஆர்கே1 மாதிரி கைனேஸ (மத்த புரோட்டீன்ல பாஸ்பேட் ஒட்டுற என்சைம்) அந்த இடத்துக்குக் கூட்டிட்டு வரும், அந்தக் கைனேஸ் வேலை செஞ்சாதான் அங்க கூடுன புரோட்டீன்லாம் பிரிஞ்சு போகும். மொத்தமும் சில பத்து செகண்டுல முடிஞ்சிடும். இவ்ளோ சீக்கிரம் கூடிக் கலையிற இடத்துல புடிச்ச புடிய விடாம இருந்தா எப்படி?

என் ஆதங்கமே இங்கதான். பிடிப்பு எவ்ளோ இறுக்கம்னு சொல்ற கேடி மதிப்ப மட்டும் பாத்துட்டு "நல்லா பைண்ட் ஆகுது"ன்னு முடிச்சிடுறாங்க. கேடின்னா கழண்டுக்கிற வேகத்த ஒட்டுற வேகத்தால வகுத்தது, ரெண்டும் பத்து மடங்கு கூடுனாலும் விடை அதேதான் வரும், ஆனா பெப்டைட் உக்கார்ற நேரம் பத்துல ஒண்ணாயிடும். மருந்து டிசைன் பண்றவங்களுக்கு இது சின்ன விஷயமே இல்ல.

2008ல என்எம்ஆர் விஞ்ஞானி லூயிஸ் கே குழு இதே ஜோடியத்தான் எடுத்துக்கிட்டாங்க. கொஞ்சூண்டு பெப்டைட் மட்டும் சேத்து, ஸ்பெக்ட்ரத்துல கண்ணுக்கே தெரியாத, சில சதவீதம் மட்டும் இருக்கிற ஒட்டுன நிலைய, ரிலாக்ஸேஷன் டிஸ்பெர்ஷன் முறையில (ரிலாக்ஸேஷன்னா சிக்னல் தேயுறது, அந்த வேகத்த அளக்கிற முறை இது) கணக்குப் போட்டு வெளிய கொண்டுவந்தாங்க. மங்கிப்போன பீக்குக்குள்ள இவ்ளோ விஷயம் ஒளிஞ்சிருக்குன்னு நினைச்சா இன்னும் சிலிர்க்குது.

ஸ்ட்ரக்சர் படம் பாக்குறப்போவும் கவனமா இருங்க, என்எம்ஆர் ஃபைல்ல ஒரே டேட்டாவுக்குப் பொருந்துற மாடல் பெரும்பாலும் 20 இருக்கும், நிறைய பேர் முதல் மாடல மட்டும் தொறந்து ஸ்லைடுல ஒட்டிடுறாங்க. இருபதையும் மேல மேல போட்டுப் பாருங்க, நடுப்பகுதி ஒண்ணா சேந்து நிக்கும், பெப்டைட்டோட நுனி விசிறி மாதிரி விரியும். ஆனா உடனே நுனி ஆடுதுன்னு எழுதிடாதீங்க, அந்த இடத்துல டேட்டா கம்மியா இருந்தாலும் அப்படித்தான் விரியும். ரிலாக்ஸேஷன் அளந்து பாத்துட்டு அப்புறமா எழுதுங்க.