சிறுநீரில் சர்க்கரை நான்கு பிளஸ்: மாத்திரை வேலை செய்கிறதா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையைத் தொடங்கியபின் வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்துவிட்டது. ஆனால் சிறுநீரில் சர்க்கரை நான்கு பிளஸ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினும் இரத்தத்தில் 1.1-லிருந்து 1.3 ஆகியிருக்கிறது. நிறுத்திவிடலாமா?"

மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். அந்த நான்கு பிளஸ்தான் மாத்திரை வேலை செய்வதற்கு அடையாளம். சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன என்பது பள்ளிப் பாடம். வடிந்த சர்க்கரையில் பத்தில் ஒன்பது பங்கை, வடிந்த நீர் ஓடும் நுண்குழலின் தொடக்கத்திலேயே மீட்பது எஸ்ஜிஎல்டி2 என்னும் புரதம். மாத்திரை அதை அடைப்பதால் மீளாத சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுகிறது.

கிரியேட்டினின் கதைதான் அழகானது. இந்தப் புரதம் சர்க்கரையைத் தனியே மீட்பதில்லை, சோடியத்தையும் கூடவே இழுத்துக்கொள்ளும். நீரிழிவில் வடியும் சர்க்கரை மிகுவதால் அது கூடுதலாக உழைக்க, குழலின் கீழ்ப்பகுதிக்கு உப்பு குறைவாகவே போய்ச் சேர்கிறது. அந்தக் கீழ்ப்பகுதி வளைந்து வந்து, தான் புறப்பட்ட இடமான, இரத்தத்தை வடிகட்டும் நுண்நாள முடிச்சையே ஓரிடத்தில் தொடுகிறது. அங்கே மேக்குலா டென்சா என்ற செல் கூட்டம் உப்பை அளந்தபடி இருக்கிறது. வீராணம் ஏரியில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று கேட்டதும் தலைமதகைத் தூக்கும் லஸ்கரை, அதாவது மதகுப் பணியாளரைப் போல, உப்பு குறைந்ததைக் கண்ட அச்செல்கள் வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்தமனியை விரியவிடுகின்றன. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்திலேயே முடிச்சுகள் தழும்பேறிச் சாகின்றன. மாத்திரை எஸ்ஜிஎல்டி2-வை அடைத்ததும் உப்பு கீழே வந்து சேர, தமனி சுருங்குகிறது, அழுத்தம் இறங்குகிறது. அதனால் முதல் சில வாரங்களில் வடிகட்டும் அளவு சற்றுக் குறைந்து கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். அந்தச் சிறு ஏற்றம் பெரும்பாலும் சிறுநீரகம் கெடுவதன் அறிகுறி அன்று. தொடர்ந்து ஏறினால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

நீரிழிவே இல்லாத நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கும் டாபாகிளிஃப்ளோசின் பயன்படும் என்று 2020-இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வு காட்டியது. 4,304 பேரைக் கொண்ட அந்த ஆய்வைக் கண்காணித்த தன்னாட்சிக் குழு, பலன் ஐயமின்றித் தெரிந்ததால் முன்கூட்டியே முடித்துவிடப் பரிந்துரைத்தது. பலன் தெரிந்தபின்னும் பாதிப்பேருக்கு மருந்தற்ற மாத்திரையையே கொடுத்துக்கொண்டிருப்பது தகாது என்பது சரியே. ஆயினும் சீக்கிரம் முடியும் ஆய்வில் பலன் சற்று மிகையாகத் தெரியக்கூடும். அரிதாக வரும் தீங்குகள் கண்ணில் படாமலே போகக்கூடும். என் கணக்கில் அக்குழு செய்தது சரி. ஆனால் விடுபட்ட அந்தக் கண்காணிப்பை ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் அரசுப் பணத்தில் தொடர வேண்டும், ஏனெனில் காப்புரிமை முடிந்து விலை சரிந்த மருந்தை நெடுங்காலம் பின்தொடர எந்த நிறுவனமும் முன்வராது. இதே வகை மருந்தான எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்ததும் விலை விழுந்ததால், முன்பு எட்டாதிருந்த குடும்பங்களுக்கும் அது கிடைக்கிறது.

இந்த வாசகர் சஷ்டிக்குப் பட்டினி விரதம் இருப்பவரானால் மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். உணவில்லாதபோது இம்மாத்திரையால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். அப்போது சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே இருக்கக்கூடும் என்பதால், குளுக்கோமீட்டரை மட்டும் நம்பினால் ஆபத்து தெரியாது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் கீட்டோன் பரிசோதனை கேட்டுப் பெறுங்கள்.